மொய் நோட்டும் மெடிக்கெய்டும்

மெடிகேர், மெடிக்கெய்டு என்னும் இரண்டு சொற்களையும் இங்கே பலர் ஒன்றென்றே நினைத்திருக்கிறோம். இரண்டும் 1965 ஜூலை 30ஆம் நாள் ஜனாதிபதி ஜான்சன் கையெழுத்திட்ட ஒரே சட்டத்தில் பிறந்தவைதாம். ஆனால் அந்த இரட்டைப் பிள்ளைகளுக்கிடையே உள்ள வேறுபாடு சிறிதன்று. மெடிகேர் பெரும்பாலும் வயதுக்கு உரியது. 65 நிறைந்தவருக்கு, செல்வர் வறியர் என்று பாராமல், மருத்துவமனைச் செலவின் பெரும்பகுதியை ஏற்றுக்கொள்ளும். ஆனால் குளிப்பாட்டவும் உடுத்திவிடவும் ஆண்டுக்கணக்கில் ஓர் ஆள் வேண்டுமென்றால், அது தன் வேலையன்று என்று ஒதுங்கிவிடும். அந்த இடத்தில்தான் மெடிக்கெய்டு வருகிறது. அது வறுமைக்கு உரியது. வறுமையை நிரூபித்தாகவும் வேண்டும்.

இதையெல்லாம் நாங்கள் படித்துத் தெரிந்துகொண்டது எங்கள் பெரியம்மாவுக்காக. பேராவூரணிப் பக்கத்திலிருந்து 1984இல் பெரியப்பாவோடு நியூஜெர்சிக்குப் போனவர். பெரியப்பா இறந்து பதினோரு ஆண்டுகளாகின்றன. பெரியம்மாவுக்கு இப்போது 83 வயது. இரண்டரை ஆண்டுகளாக 'அசிஸ்டெட் லிவிங்' எனப்படும் இல்லமொன்றில் இருக்கிறார். நம் ஊர் முதியோர் இல்லத்தோடு அதை ஒப்பிட முடியாது. தனி அறை, தனிக் கதவு, அதற்குத் தன் கையில் ஒரு சாவி; வேண்டிய உதவிக்கு மட்டும் ஆட்கள் வருவார்கள். மாதம் 7,200 டாலர். வீட்டை விற்ற பணம் அதில் கரைந்துகொண்டே வந்து, சென்ற ஆண்டு அடிமட்டம் தெரியத் தொடங்கியது.

அந்தச் சாவிக்கு ஒரு வரலாறு உண்டு. முதலில், அமெரிக்காவில் 'நர்சிங் ஹோம்' என்றால் நம் ஊரில் பிரசவம் பார்க்கும் சிறு மருத்துவமனை அன்று. படுக்கையோடு படுக்கையாகிவிட்டவர்களைப் பராமரிக்கும் இடம். மெடிக்கெய்டு சட்டப்படி ஒவ்வொரு மாநிலமும் அந்தச் செலவைத் தகுதியுள்ளவர்களுக்கு ஏற்றாக வேண்டும். வீட்டிலோ வேறிடத்திலோ தரும் பராமரிப்புக்கு அந்தக் கட்டாயம் இல்லை. 1981இல் அயோவா மாநிலத்தில் கேட்டி பெக்கெட் என்ற மூன்று வயதுக் குழந்தை, வீட்டுக்குப் போனால் மெடிக்கெய்டு கிடைக்காது என்பதற்காகவே மருத்துவமனையில் கிடந்தது. வீட்டில் வைத்துப் பார்ப்பது செலவு குறைவு. ஆனாலும் விதி இடந்தரவில்லை. ஜனாதிபதி ரீகனே இதை எடுத்துப் பேசினார். அதே ஆண்டில், விதியிலிருந்து விலக்குப் பெற்று வெளியிலும் பராமரிப்புத் தர மாநிலங்களுக்கு வழி திறந்தது. ஆரிகன் மாநிலம் அவ்வழியில் முந்திக்கொண்டது. அங்கே போர்ட்லண்டில் 1983இல் கெரன் பிரவுன் வில்சன் என்ற பெண்மணி, பக்கவாதத்தால் நர்சிங் ஹோமில் ஆண்டுக்கணக்கில் இருந்த தம் தாயின் ஏக்கத்தைக் கேட்டு ஓர் இல்லம் கட்டினார். உள்ளிருப்பவரே பூட்டிக்கொள்ளக்கூடிய கதவுதான் அந்தத் தாய் கேட்டவற்றுள் ஒன்று. அதுல் கவாண்டே 2014இல் வெளியிட்ட நூலில் இந்தக் கதை விரிவாக இருக்கிறது. பெரியம்மாவின் சாவி அங்கிருந்து வந்தது என்று எங்களுக்குத் தோன்றும்.

ஆனால் அந்தச் சாவி சலுகையே ஒழிய உரிமை அன்று. மெடிக்கெய்டு இத்தகைய இல்லத்தில் பராமரிப்புக்கு மட்டுமே பணம் தரும்; அறை வாடகையும் சாப்பாடும் அவரவர் பென்ஷனிலிருந்து போக வேண்டும். கைச்செலவுக்கு ஒரு சிறு தொகை மட்டும் விட்டுவைப்பார்கள். இடமும் எளிதில் கிடைப்பதில்லை. நியூஜெர்சியில் 2001 செப்டம்பருக்குப் பின் உரிமம் பெற்ற இல்லங்கள் பத்தில் ஒரு படுக்கையை மெடிக்கெய்டுக்காரர்களுக்கு ஒதுக்க வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. அந்தப் பத்தில் ஒன்றுக்கு வரிசை நிற்கிறது. தகுதி கிடைக்காமல் போனால் பெரியம்மா சாவியைக் கொடுத்துவிட்டு இருவர் படுக்கும் நர்சிங் ஹோம் அறைக்குப் போக வேண்டியதுதான். 2025 ஜூலையில் மெடிக்கெய்டுச் செலவைக் குறைக்கும் சட்டமும் வந்துவிட்டதால், கட்டாயமில்லாத இந்தச் செலவில்தான் மாநிலங்கள் முதலில் கைவைக்குமோ என்ற அச்சம் அக்காவுக்கு இருக்கிறது.

தகுதிக்கு இரண்டு தேர்வுகள். ஒன்று உடம்புக்கு. குளித்தல், உடுத்தல், எழுந்து நடத்தல் போன்றவற்றுள் எத்தனைக்குப் பிறர் கை வேண்டும் என்று பார்க்க ஒரு செவிலியர் வருகிறார். அவர் வந்த அன்று பெரியம்மா விடியற்காலையிலேயே எழுந்து, நாற்காலியைப் பிடித்துக்கொண்டு ஒரு மணி நேரம் போராடி, சுங்குடிப் புடவையைத் தானே கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாராம். "வர்ற பொண்ணு முன்னாடி அலங்கோலமா உக்காரச் சொல்றியா?" என்று அக்காவைக் கேட்டாராம். வயதான ஒருவரிடம் உன் இயலாமையை நன்றாகக் காட்டு என்று சொல்லிக்கொடுக்க வேண்டிய நிலைமை எவ்வளவு கொடியது என்பதை அக்கா தொலைபேசியில் சொல்லி அழுதார். நல்லவேளையாகச் செவிலியர் அனுபவசாலி. புடவையை அவிழ்த்து மறுபடி கட்டச் சொல்லாமல், இரண்டு எட்டு நடக்க மட்டும் சொன்னார்.

மற்றது பணத்துக்கு. கையிருப்பு 2,000 டாலருக்கு மேல் இருக்கக் கூடாது. அதோடு, விண்ணப்பத்துக்கு முந்தைய ஐந்து ஆண்டுகளின் வங்கிக் கணக்கு முழுவதையும் காட்ட வேண்டும். முன்பு பெரும்பாலான கொடைகளுக்கு மூன்றாண்டுக் கணக்குப் போதுமாயிருந்தது. 2006இல் கையெழுத்தான சட்டம் அதை ஐந்தாக்கியது. அக்காலத்தில் யாருக்காவது இனாமாகக் கொடுத்திருந்தால், அரசின் செலவில் வாழ்வதற்காகச் சொத்தைக் கைமாற்றியதாகவே கொள்வார்கள். கொடுத்த தொகையை, நர்சிங் ஹோமின் ஒருநாள் செலவாக மாநிலம் வகுத்திருக்கும் தொகையால் வகுத்து, வரும் எண்ணிக்கை நாள்களுக்கு உதவி இல்லை. ஒருநாள் 400 டாலர் என்று கொண்டால் 9,000 டாலருக்கு இருபத்திரண்டு நாள். கையில் ஒன்றும் இல்லாதபோதுதான் அந்த நாள்கள் தொடங்கும் என்பது இதில் இன்னும் கடுமையானது.

அந்த 9,000 டாலரும் எங்களுக்கு வந்தவை. 2022இல் எங்கள் சின்னவளின் காதணி விழாவுக்குப் பெரியம்மா அனுப்பியது 4,000. மறு ஆண்டு பெரியவளின் கல்லூரிக் கட்டணத்துக்கு 5,000. முழுத் தொகையும் திரும்பி வந்துவிட்டால் தண்டநாள் கிடையாது என்பதும் விதி. கூட்டுறவுச் சங்கத்தில் கடன் போட்டு அனுப்பிவிடுகிறோம் என்று நாங்கள் சொன்னோம். பெரியம்மா இரண்டு வாரம் எங்களோடு பேசவில்லை. பிறகு பேசியபோது, "படிப்புக்குக் குடுத்ததைக்கூட அனுப்பு, வாங்கிக்கறேன். மொய்யைத் திருப்பி வாங்குறவ நான் இல்லை. நான் செத்தா என்னைத் தூக்க ஊர்ல நாலு பேர் வரணும்" என்றார். நாற்பது ஆண்டுகளில் எத்தனை முறை அந்த ஊருக்கு வந்திருப்பார் என்று யோசித்தால் சிரிப்பு வரும். ஆனால் அவர் சொன்னதில் சிரிக்க ஒன்றுமில்லை.

பேராவூரணி, புதுக்கோட்டைப் பக்கத்து வாசகர்களுக்கு மொய்யை விளக்க வேண்டியதில்லை. அது நன்கொடையன்று, எழுதிவைத்த கடன். வட்டி கிடையாது, ஆனால் வாங்கியதைவிடச் சற்றுக் கூட்டித் திருப்ப வேண்டும். அக்காவின் திருமணம் 1997இல் ஊரில்தான் நடந்தது. அன்று எங்கள் வீட்டிலிருந்து எழுதிய மொய் 25,001 ரூபாயும் ஐந்து பவுன் சங்கிலியும். அந்த நோட்டு, பரணில், எலி கடித்த ஓரத்தோடு கிடைத்தது. ஐந்து பவுனின் 2022ஆம் ஆண்டு விலையைக் கணக்கிட்டால், பெரியம்மா அனுப்பியது கடனை அடைத்ததற்குமேல் அதிகமில்லை. கொடுத்தது வேறு காரணத்துக்காக என்று நிரூபிக்க விண்ணப்பதாரருக்குச் சட்டம் இடமளிக்கிறது. ஆகவே நோட்டின் பக்கங்களைப் படியெடுத்து, ஆங்கில மொழிபெயர்ப்போடும் நோட்டரியின் முத்திரையோடும் ஒரு கடிதம் எழுதினோம்.

தமிழ் முதுகலை படித்து இருபது ஆண்டுகளாகப் பாடம் நடத்தும் எங்களுக்கு அந்த ஒன்றரைப் பக்கம் எழுத மூன்று இரவுகள் ஆயின. பரிசு என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லை எழுதினால் பெரியம்மாவுக்குத் தண்டம். கடன் என்றே எழுதினால், பத்திரம் எங்கே, தவணை எங்கே என்ற கேள்வி. ஈகை, கொடை, வண்மை என்று வகுப்பில் அடுக்கும் சொற்கள் எவையும் உதவவில்லை. கடைசியில் 'மொய்' என்பதை அப்படியே ஆங்கில எழுத்தில் எழுதி, அது என்ன என்பதை ஒரு பத்தியில் விளக்கிவிட்டோம்.

கவுண்டி அலுவலகத்தில் இந்தக் கோப்பைப் பார்க்கும் பெண்மணி அக்காவை அழைத்து, நோட்டில் மற்றவர்கள் பெயருக்கு எதிரேயும் தொகைகள் இருக்கின்றனவே, அவற்றையெல்லாம் உங்கள் தாயார் திருப்பிவிட்டாரா, இன்னும் பாக்கி உண்டா என்று கேட்டிருக்கிறார். பதினேழு பேருக்குப் பாக்கி இருக்கிறது. அந்தப் பட்டியலைத் தயாரித்துக்கொண்டிருக்கிறோம். படிப்புக்குத் தந்த 5,000 டாலரைச் சென்ற வாரம் வங்கிவழி அனுப்பிவிட்டோம். அந்த ரசீதும் கோப்பில் சேர வேண்டும்.