கைரேகை வைக்காமல் விமானம் ஏறாதே

ஓசூர்
11.1.2026, ஞாயிறு

அன்புள்ள பாப்பாவுக்கு,

மாமா எழுதிக்கொள்வது. நீ அனுப்பிய குரல்செய்தியை மூன்று தடவை கேட்டேன்; ஆயாவுக்கும் போட்டுக் காட்டினேன். டாக்டர் படிப்புக்கு நீ இங்கேயே வரப்போகிறாய் என்றதும், மாடியறையை யார் ஒழிப்பது என்பதுதான் ஆயாவின் முதல் கவலை. அதில் இப்போது அவரைக்காய் மூட்டை கிடக்கிறது. மார்கழிக் குளிரில் உதடெல்லாம் வெடித்திருக்கிறது. காலை ஏழரைக்கும் சிப்காட் ரோட்டில் கம்பெனி பஸ்கள் விளக்குப் போட்டுக்கொண்டுதான் போகின்றன.

நீ கேட்டது ஒரே கேள்வி. "அஞ்சரை வருஷம் அங்க இருந்தா என் கிரீன் கார்டு என்ன ஆகும் மாமா? வருஷத்துக்கு ஒரு தடவை லீவுல வந்து தலையக் காட்டிட்டுப் போனாப் போதும்னு அம்மா சொல்றாங்க." இதற்குப் போனிலேயே பதில் சொல்லியிருக்கலாம். உன் அம்மா பக்கத்தில் இருப்பாள் என்பதால் சொல்லவில்லை. நான் கார்டை "வேண்டாம்னு குடுத்துட்டு வந்தேன்" என்றுதான் அக்காவிடம் இத்தனை வருஷமாகச் சொல்லி வைத்திருக்கிறேன். அது பாதிதான் நிஜம். மீதியை இப்போது எழுதுகிறேன். படித்துவிட்டு அவளிடமும் கொடு, இனிமேல் மறைக்க ஒன்றுமில்லை.

1997இல் நான் மிச்சிகன் போனேன். 2002இல் கார்டு வந்தது. 2004இல் பெங்களூரில் ஆராய்ச்சிப் படிப்புக்கு இடம் கிடைத்தது. மூன்று வருஷத்தில் முடித்துத் திரும்பிவிடலாம் என்று கணக்குப் போட்டுக் கிளம்பினேன். வந்த நாலாவது மாதம் தாத்தாவுக்குப் பக்கவாதம். பெங்களூரில் எடுத்திருந்த அறையைக் காலி செய்துவிட்டு ஓசூருக்கே வந்துவிட்டேன். காகிதத்தில் நான் மிச்சிகன்வாசி. படிப்பு கர்நாடகத்தில். சாப்பாடும் தூக்கமும் தமிழ்நாட்டில். அப்போது இதெல்லாம் வேடிக்கையாகத்தான் இருந்தது.

ஒரு வருஷத்துக்குள் ஒரு தடவை அமெரிக்க மண்ணை மிதித்துவிட்டால் போதும் என்று நண்பர்கள் சொன்னார்கள். உன் அம்மா சொல்வதும் அதே கதைதான். பத்து மாதம் கழித்து ஒரு முறை போய் இரண்டு வாரம் இருந்தேன். அடுத்தது பதினோரு மாதம் கழித்து. மூன்றாவது தடவை, 2007இல், விமான நிலையத்தில் உள்ளே ஒரு அறைக்குக் கூட்டிப்போனார்கள். எந்த ஊர் விமான நிலையம் என்பது இங்கே முக்கியமில்லை. அதிகாரி மரியாதையாகத்தான் பேசினார். எங்கே குடியிருக்கிறீர்கள், வாடகை யார் கட்டுவது, மனைவி எங்கே, கடைசியாகச் சம்பளம் வாங்கியது எந்த ஊரில், வரி எப்படித் தாக்கல் செய்தீர்கள், திரும்பிப் போக டிக்கெட் இருக்கிறதா? இருந்தது. இரண்டு வாரம் கழித்து, பெங்களூருக்கு. வரிப்பணம் கொஞ்சம் மிச்சமாகும் என்று முந்தின வருஷம் நான்-ரெசிடென்ட் என்று தாக்கல் செய்திருந்தேன். அதையும் என் வாயாலேயே சொன்னேன். ஒரு படிவத்தை நீட்டி, கையெழுத்துப் போட்டால் சுலபம், பிற்பாடு டூரிஸ்ட் விசாவுக்குக் கேட்டுக்கொள்ளலாம் என்றார்கள். பதினெட்டு மணி நேரப் பயணக் களைப்பு. போட்டுவிட்டேன்.

அதுதான் ஐ-407. நிரந்தர வசிப்புரிமையை நானே மனமுவந்து துறக்கிறேன் என்கிற படிவம். கையெழுத்துப் போட மாட்டேன், இமிக்ரேஷன் நீதிபதி முன்னால் பேசிக்கொள்கிறேன் என்று சொல்ல எனக்கு உரிமை இருந்தது. நான் கார்டைக் கைவிட்டேன் என்று அங்கே நிரூபிக்க வேண்டியவர்கள் அவர்கள்தான். நீதிபதி உத்தரவு வரும்வரை கார்டு என்னுடையது. இதெல்லாம் ஊருக்கு வந்து ஆறு மாதம் கழித்துத்தான் தெரிந்தது. வழக்குப் போட்டிருந்தாலும் தோற்றிருப்பேனோ என்னவோ. ஆனால் படிக்காமல் கையெழுத்துப் போட்டது இன்றைக்கும் உறுத்துகிறது.

இப்போது உன் விஷயம். சித்தப்பா மகன் கனடாவில் இருக்கிறானே, அவன் சட்டம் வேறு. அங்கே ஐந்து வருஷத்தில் 730 நாள் உள்ளே இருந்தால் முடிந்தது கதை. மிச்ச நாள் லண்டனில் படித்தாயா, ஊரில் மாடு மேய்த்தாயா என்று பெரிதாகக் கேட்க மாட்டார்கள். கனடா நாளை எண்ணுகிறது, அமெரிக்கா எண்ணத்தை எடை போடுகிறது. ஆறு மாதத்துக்கு மேல் வெளியே இருந்தால் திரும்பும்போது புதிதாக நுழைய வருகிறவரைப் போல விசாரிக்கலாம். ஒரு வருஷம் தாண்டினால் வெறும் கார்டைக் காட்டி உள்ளே போக முடியாது. அதற்குக் கீழே எத்தனை தடவை போய் வந்தாலும், "நீ நிஜத்தில் எங்கே வாழ்கிறாய்?" என்ற கேள்வி இருந்துகொண்டேதான் இருக்கும். எதற்காக வெளியே போனாய், அது முடியும் தேதி என்று ஒன்று உண்டா, வீடும் குடும்பமும் எந்தப் பக்கம் என்று பார்ப்பார்கள். லீவுக்கு வந்து தலையைக் காட்டுவது இதில் எதற்கும் பதில் ஆகாது. அதிலும் மருத்துவக் கல்லூரியில் தியரிக்கு 75 சதவீதம், பிராக்டிகலுக்கு 80 சதவீதம் வருகை கேட்கிறார்கள். நாலரை வருஷம் வகுப்பு, அதன் மேல் ஒரு வருஷம் கட்டாய ஹவுஸ் சர்ஜன். அமெரிக்காவுக்கு வந்து போக உனக்குக் கிடைப்பது வருஷத்துக்குச் சில வாரங்கள்தான்.

உன் நிலைமையில் எனக்கு நல்லதாகத் தெரிவது ஒன்று. நான் போனதற்கு முடிவு தேதி இல்லை. படிப்பு, அப்புறம் தாத்தா, அப்புறம் கல்யாணம் என்று நீண்டுகொண்டே போனது. உன் படிப்பு முடியும் தேதி கல்லூரிக் காகிதத்திலேயே இருக்கும். அப்பா, அம்மா, தம்பி மூவரும் நியூ ஜெர்சியில். உன் கட்டிலும் அலமாரியும் அங்கேயே. இதை எழுத்தில் காட்ட ஒரு வழியும் இருக்கிறது: ரீஎன்ட்ரி பெர்மிட்.

அதற்கு ஐ-131 என்ற விண்ணப்பம். அமெரிக்காவுக்குள் இருக்கும்போதுதான் போட முடியும். இங்கே வந்த பிறகு போட முடியாது. கைரேகைக்கு அழைப்பார்கள், அதைக் கொடுத்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். பெர்மிட்டைச் சென்னைத் துணைத் தூதரகத்துக்கு அனுப்பச் சொல்லிக் கேட்கலாம். அதிகபட்சம் இரண்டு வருஷம் செல்லும். நீட்டிக்க மாட்டார்கள், மறுபடி அமெரிக்கா போய் மறுபடி விண்ணப்பம், மறுபடி கைரேகை. கடைசி ஐந்து வருஷத்தில் நாலு வருஷத்துக்கு மேல் வெளியே இருந்துவிட்டால் பிறகு ஒரு வருஷத்துக்குத்தான் தருவார்கள். ஆக ஐந்தரை வருஷத்துக்கு உனக்கு மூன்று பெர்மிட்டாவது வேண்டியிருக்கும். அது கையில் செல்லுபடியாக இருக்கும்வரை, இத்தனை நாள் வெளியே இருந்தாய் என்ற ஒரே காரணத்தை வைத்து நீ கார்டைக் கைவிட்டாய் என்று சொல்ல முடியாது. வேறு காரணம் காட்டலாம். அதனால் அதை நம்பி அசந்துவிடக் கூடாது. பெர்மிட்டும் இல்லாமல் வருஷமும் தாண்டிவிட்டால் தூதரகத்தில் எஸ்பி-1 என்று தனி விசா கேட்டு நிற்க வேண்டும். திரும்ப முடியாமல் போனது உன் கையை மீறிய காரணத்தால் என்று காட்டச் சொல்வார்கள். பரீட்சை இருந்தது என்றால் அங்கே எடுபடாது.

இந்த இரண்டு பக்க வாழ்க்கை நம் ஊருக்குப் புதிதில்லை, பாப்பா. ஜூஜுவாடி தாண்டினால் அத்திப்பள்ளி. காலையில் நம் தெருவில் பாதிப் பேர் பொம்மசந்திராவுக்கும் எலக்ட்ரானிக் சிட்டிக்கும் போய், ராத்திரி படுக்க ஓசூருக்கு வருகிறார்கள். ஒரே வாசலில் டிஎன்-70 வண்டியும் கேஏ-51 வண்டியும் நிற்கும். ரேஷனும் ஓட்டும் இங்கே, சம்பளம் அங்கே. ஆயா கடைக்காரரிடம் தெலுங்கில் பேரம் பேசி, கன்னடத்தில் திட்டிவிட்டுத் தமிழில் காசு எண்ணுகிறாள். எல்லை என்று ஒன்று இருப்பதே மறந்துபோகும், காகிதம் கேட்கும் நாள் வரும்வரை.

எங்கள் டூல் ரூமில் ஒருவர். வேலை மாறி இரண்டு வருஷம் ஆனேக்கல் பக்கம் குடியிருந்தார். பையனை அங்கேயே அரசுப் பள்ளியில் எட்டாவதும் ஒன்பதாவதும் படிக்க வைத்தார். பிறகு ஓசூர் அரசுப் பள்ளிக்கே கொண்டுவந்துவிட்டார். பையன் நீட் எழுதி நல்ல மதிப்பெண் வாங்கினான். 2020இல் தமிழ்நாடு கொண்டுவந்த அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டுக்கு, ஆறாவது முதல் பன்னிரண்டாவது வரை தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். நடுவில் இரண்டு வருஷம் கர்நாடகம். அந்த வரிசையில் அவனுக்கு இடமில்லை. வீட்டுக்கும் அந்தப் பள்ளிக்கும் பஸ்ஸில் ஒரு மணி நேரம்கூட ஆகாது. அந்த மனுஷன் இப்போதும் மெஷின் பக்கத்தில் நின்றுகொண்டு திடீரென்று அதையேதான் சொல்வார்: "யாராச்சும் ஒருத்தர் அப்பவே சொல்லியிருக்கலாம் சார்."

ஒரு விநோதம் சொல்கிறேன். எல்லைக்கு வெளியே மெக்சிகோவிலோ கனடாவிலோ குடியிருந்துகொண்டு தினம் அமெரிக்காவுக்குள் வேலைக்கு வந்துபோகிறவர்களுக்கும் கிரீன் கார்டு உண்டு. 1974இல் அங்கே சுப்ரீம் கோர்ட்டே அதைச் செல்லும் என்று சொல்லிவிட்டது. படித்தபோது நம் எலக்ட்ரானிக் சிட்டி பஸ் கூட்டம்தான் நினைவுக்கு வந்தது. ஓசூருக்கும் நியூ ஜெர்சிக்கும் நடுவே ஒரு ஜூஜுவாடி இருந்தால் உனக்கும் எனக்கும் கவலையே இல்லை.

இன்னொன்றும் இருக்கிறது, இது கசப்பானது. உன் அப்பா 2013இல் வரிசையில் நின்று, 2022இல்தான் உங்கள் நாலு பேருக்கும் கார்டு வந்தது. ஐந்து வருஷம் முடிந்து 2027இல் அப்பா குடியுரிமை வாங்கும்போது தம்பிக்குப் பதினாலு வயசு; பதினெட்டுக்குள் இருப்பதால் அவனுக்குத் தானாகவே கிடைத்துவிடும். உனக்குப் பதினெட்டு ஆகிவிட்டது. நீ தனியாகத்தான் கேட்க வேண்டும். ரீஎன்ட்ரி பெர்மிட் கார்டைத்தான் காப்பாற்றும், குடியுரிமைக் கணக்கைக் காப்பாற்றாது. ஒரு வருஷம் தொடர்ந்து வெளியே இருந்தால் அந்தக் கணக்கு அறுந்துபோகும். திரும்பி வந்து நாலு வருஷமும் ஒரு நாளும் இருந்த பிறகே விண்ணப்பிக்க முடியும். நடுநடுவே வந்து போனாலும், ஐந்து வருஷத்தில் முப்பது மாதமாவது அமெரிக்காவில் இருந்திருக்க வேண்டும் என்ற இன்னொரு கணக்கு உன்னை விடாது. பெரும்பாலும் தம்பி உனக்கு முன்னால் அமெரிக்கனாகிவிடுவான். வீட்டில் ஒரு நாள் இது பேச்சாக வரும். இப்போதே தெரிந்து வைத்துக்கொள்.

இவ்வளவு சொல்லிவிட்டு, வராதே என்று சொல்லப்போகிறேன் என்று நினைக்காதே. வா. இங்கே எம்பிபிஎஸ் முடித்துவிட்டு யுஎஸ்எம்எல்இ எழுதி அங்கே ரெசிடென்சிக்குப் போகிற பிள்ளைகளில் நிறையப் பேர் ஜே-1 விசாவில் போகிறார்கள். முடித்ததும் இரண்டு வருஷம் சொந்த நாட்டுக்குத் திரும்ப வேண்டும் என்ற நிபந்தனை அதில் உண்டு. கார்டு இருந்தால் உனக்கு அந்தத் தொல்லை கிடையாது. படிக்கும்போது பாரமாகத் தெரிகிற கார்டுதான், முடித்த அன்றைக்கு உன்னை மற்றவர்களுக்கு முன்னால் நிறுத்தும். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

வரும்போது சிலதை மட்டும் கவனி. அமெரிக்க வரியை வருஷா வருஷம் ரெசிடென்ட் என்றே தாக்கல் செய். ஹவுஸ் சர்ஜன் உதவித்தொகை வந்தால் அதையும் காட்டு. யார் என்ன ஆசை காட்டினாலும் நான்-ரெசிடென்ட் என்று போடாதே. அங்கே உள்ள வங்கிக் கணக்கையும் டிரைவிங் லைசென்சையும் உயிரோடு வைத்திரு. கல்லூரியில் சேர்ந்ததும், படிப்பு எப்போது முடியும் என்று தேதி போட்டு ஒரு சான்றிதழ் வாங்கி, பயணத்தில் கைப்பையிலேயே வை. முடித்த பிறகு, ஒரு வருஷம் இங்கே வேலை பார்த்துப் பழகலாமே என்று யாராவது சொல்வார்கள், நானே கூடச் சொல்லலாம். கேட்காதே. விமான நிலையத்தில் பொய் சொல்லாதே. எந்தப் படிவத்தை நீட்டினாலும் முழுக்கப் படிக்காமல் பேனாவைத் தொடாதே.

மூன்றாவது வருஷ முடிவில் ஒரு நாள் நீயும் நானும் மாடியில் உட்கார்ந்து பேசுவோம். அதற்குள் இந்த ஊர் உன்னைப் பிடித்துக்கொண்டிருந்தால், அங்கே திரும்ப மனசே இல்லை என்றால், அப்போது நீயாகவே அந்த ஐ-407 படிவத்தை நிரப்பி அனுப்பிவிடு. அதில் எனக்கு வருத்தமில்லை. நானே இங்கே நன்றாகத்தான் இருக்கிறேன். தாத்தாவுக்குக் கடைசிவரை சோறூட்டினேன், சிப்காட்டில் எனக்கென்று நாலு மெஷின் ஓடுகிறது. களைப்பில் போட்ட அந்த ஒரு கையெழுத்தை மட்டும்தான் திரும்ப வாங்க முடியவில்லை.

சட்டமும் கட்டணமும் அடிக்கடி மாறுகின்றன. நான் சொன்னதை அப்படியே பிடித்துக்கொள்ளாமல், கிளம்பும் முன் அங்கே ஒரு இமிக்ரேஷன் வக்கீலை ஒரு மணி நேரமாவது பாருங்கள். அந்தச் செலவுக்கு உன் அப்பா முகம் சுளித்தால் மாமா அனுப்புகிறேன் என்று சொல்.

நீட் மே மாதத்தில்தான். விண்ணப்பத்தை முடித்துவிட்டுச் சொல். விமான டிக்கெட்டை மட்டும் இப்போதே போட்டு வைக்க வேண்டாம் என்று அப்பாவிடம் சொல். கைரேகைத் தேதி வந்த பிறகு போட்டுக்கொள்ளலாம். அவரை மூட்டையை நாளைக்குக் கீழே இறக்கிவிடுகிறேன்.

அன்புடன்,
மாமா