சுவருக்குள் போன சேமிப்பு

கனடாவில் ஈழத் தமிழர்களான எங்களவர்கள் சேமிப்பதே இல்லை, காருக்கும் கொண்டாட்டத்துக்கும் வாரி இறைக்கிறார்கள் என்ற பேச்சு ரொறன்ரோவில் அடிக்கடி காதில் விழுகிறது. மண்டபம் எடுத்துச் செய்யும் சாமத்தியச் சடங்குகளைக் காட்டி அதை நிறுவுவதும் எளிது. எனக்கு அதில் உடன்பாடில்லை. 1983 கலவரத்துக்குப் பிறகு வெறுங்கையோடு வந்து இறங்கிய ஒரு சமூகம், ஸ்காபரோவின் அடுக்குமாடி வாடகை வீடுகளிலிருந்து மார்க்கம், ஏஜாக்ஸ் பக்கம் சொந்த வீட்டுக்குப் போயிருக்கிறது. பகலில் ஒரு வேலை, இரவில் இன்னொரு வேலை, ஊருக்கும் மாதாமாதம் காசு, அதற்கு மேல் சீட்டுக் கட்டி முற்பணம். சேமிக்கத் தெரியாதவர்களால் இது ஆகிற காரியமில்லை. சேமித்ததெல்லாம் வீட்டுச் சுவருக்குள் போய்விட்டது என்பதுதான் சிக்கல். ஆபத்துக்கும் முதுமைக்கும் எடுத்துச் செலவழிக்கக்கூடிய காசாக அது கையில் இல்லை.

வீட்டுக் கடன், மாதாமாதம் வேறெதையும் மிச்சம் பிடிக்க விடுவதில்லை. கனடாவில் கடன் 25 வருடத்துக்கு என்றாலும் வட்டி வீதம் பெரும்பாலும் 5 வருடத்துக்குத்தான் நிலையானது. பிறகு அன்றைய வீதத்தில் புதுப்பிக்க வேண்டும். 2020-இன் கடைசியில் 2 சதவீதத்துக்கு 6 இலட்சம் டொலர் எடுத்த குடும்பத்துக்கு மாதத் தவணை ஏறக்குறைய 2,540 டொலர். 5 வருடம் கட்டியபின் கடன்தொகையில் 5 இலட்சத்துச் சொச்சம் மிஞ்சியிருக்கும். அதை நாலேகால் சதவீதத்தில் புதுப்பித்தால் தவணை 3,100 டொலருக்கு ஏறுகிறது. வருடத்துக்குக் கூடுதலாக 6,700 டொலர். வரியில்லாச் சேமிப்புக் கணக்கான ரி.எஃப்.எஸ்.ஏ.-இல் ஒருவர் 2025-இல் போட அனுமதிக்கப்பட்ட தொகையே 7,000 டொலர்தான். ஓர் ஆளின் ஒரு வருடச் சேமிப்பு வட்டி ஏற்றத்திலேயே கரைந்துபோகிறது. இதற்கும் சாமத்தியச் சடங்குக்கும் ஒரு தொடர்பும் இல்லை.

அவசரம் வந்தால் வீட்டின் மேல் கடன் எடுக்கலாமே என்பார்கள். எடுக்கலாம், வேலை இருக்கும்வரை. வங்கி வீட்டின் பெறுமதியை மட்டும் பார்ப்பதில்லை, சம்பளச் சீட்டையும் கேட்கிறது. தொழிற்சாலை மூடிய பிறகு போய் நிற்பவருக்கு அந்தக் கதவு பெரும்பாலும் திறக்காது. வேலையிழப்புக் காப்புறுதி பழைய சம்பளத்தில் 55 சதவீதம்தான் தரும், அதற்கும் உச்சவரம்பு உண்டு. சீட்டு இருக்கிறதே என்பது இன்னொரு பதில். சீட்டை நான் குறைத்து மதிப்பிடவில்லை. வங்கி கதவடைத்த காலத்தில் எங்களைத் தூக்கி நிறுத்தியது அதுதான். ஆனால் அவசரத்துக்குக் கழிவு விட்டுச் சீட்டை எடுத்தவர், வருமானம் நின்றுபோன மாதங்களிலும் தொடர்ந்து கட்டியாக வேண்டும். பிடிப்பவர் முறித்தால் கேட்பதற்குக் காப்புறுதியும் கிடையாது.

முதுமைக் கணக்கு இன்னும் கடுமையானது. அதில் நாங்கள் இங்கே இல்லாத வருடங்கள் எங்களுக்கு எதிராக நிற்கின்றன. கனடாவின் முதியோர் ஓய்வூதியம் முழுதாகக் கிடைக்க, 18 வயதுக்குப் பிறகு 40 வருடம் இங்கே வாழ்ந்திருக்க வேண்டும். 37 வயதில் வந்தவருக்கு 65 வயதில் 28 வருடம்தான் கணக்கில் வரும். 2025-இன் தொடக்கத்தில் முழுத்தொகை மாதம் 727 டொலர். அவருக்கு வருவது 509. வேலை செய்தோர் பங்களித்துப் பெறும் சி.பி.பி. ஓய்வூதியமோ பதிவான சம்பளத்தை மட்டுமே பார்க்கும். உணவகச் சமையலறையில் கையில் காசாக வாங்கிய வருடங்கள் அதில் வெறும் பூச்சியம். உழைப்பு இருந்தது, களைப்பு இருந்தது, பதிவு இல்லை. அகதிக் கோரிக்கை முடியாமல் கிடைத்த வேலையைப் பற்றிக்கொண்டவர்களை இதற்காகக் குறை சொல்ல என்னால் முடியாது.

வருமானம் குறைந்த முதியவருக்கு அரசாங்கம் மேலதிகமாக ஜி.ஐ.எஸ். என்ற உதவித்தொகை தருகிறதே, பிறகு ஏன் சேமிக்க வேண்டும்? இந்தக் கேள்வியில் நியாயம் உண்டு. சொந்த வீடு இருப்பதால் அந்த உதவி குறைவதில்லை, வருமானத்தைத்தான் பார்க்கிறார்கள். ஆனால் எங்கே சேமித்தோம் என்பது இங்கேதான் முக்கியமாகிறது. பெப்ரவரி வந்தால் வரிப்பணம் திரும்பும் என்று ஓய்வுகாலச் சேமிப்புத் திட்டமான ஆர்.ஆர்.எஸ்.பி.-இல் போடச் சொல்கிறார்கள். நல்ல சம்பளக்காரருக்கு அது சரி. குறைந்த சம்பளக்காரர் முதுமையில் அதிலிருந்து எடுக்கும் பணம் வருமானமாகக் கணக்கிடப்படும். பல நிலைகளில் ஒவ்வொரு டொலருக்கும் ஏறக்குறைய 50 சதம் உதவித்தொகையில் வெட்டு விழும். ரி.எஃப்.எஸ்.ஏ.-இலிருந்து எடுத்தால் அந்த வெட்டு இல்லை. 2009-இலிருந்து இருக்கும் இந்த வசதியைப் பற்றி எங்கள் வானொலிகளில் வீட்டு விளம்பரங்களுக்கு நடுவே எத்தனை நிமிடம் பேசப்பட்டிருக்கிறது? சிறு தொகையானாலும் வீட்டுக் கடனை வேகமாகக் கட்டி முடிப்பதற்கு முன்னால் இந்தக் கணக்கில் நாலைந்து மாதச் செலவுக்காவது காசு வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

பிள்ளைகள் பார்ப்பார்கள், இல்லாவிட்டால் வீட்டை விற்கலாம் என்பது கடைசி நம்பிக்கை. பிள்ளைகளுக்கு மனம் இருக்கும். ஆனால் அவர்கள் இன்றைய விலையில் தங்கள் முதல் வீட்டுக்கு அலைகிறார்கள். அதற்கான முற்பணமும் பெற்றோர் வீட்டின் மேல் எடுத்த கடனாகவே பல இடங்களில் இருக்கிறது. விற்பதென்றால், கோயிலும் மருத்துவரும் கடையும் நடக்கிற தூரத்தில் உள்ள இடத்தை 70 வயதில் விட்டுப் போக வேண்டும். இதில் அதிகம் அடிபடுபவள் மனைவி. பிள்ளை வளர்த்தும் ஆவணமில்லா வேலை செய்தும் கழித்தவளுக்குச் சொந்தச் சி.பி.பி. சொற்பம். கணவர் போனால் அவருடைய முதியோர் ஓய்வூதியம் நின்றுவிடும், சி.பி.பி.-இல் ஒரு பங்குதான் அவளுக்கு வரும், 65-க்கு மேல் அதிகபட்சம் 60 சதவீதம். வீட்டு வரியும் பனிக்காலச் சூடாக்கும் செலவும் இருவருக்கு வந்த அதே தொகையில் அவள் பெயருக்கு வந்துகொண்டிருக்கும். அவள் பெயரில் தனியாக ஒரு ரி.எஃப்.எஸ்.ஏ. கணக்கை அவர் இருக்கும்போதே திறந்து வைத்த குடும்பங்கள் எங்களுக்குள் எத்தனை?