எந்த டிஸ்ட்ரோவுக்கு வாக்குக் கொடுப்பது?

செப்டம்பர் 21, 2025 – ஞாயிறு, கடலூர்

மகாளய அமாவாசை. தர்ப்பணம் முடித்துவிட்டு எல்லாரும் வந்து சேர்ந்து, எங்கள் ஹாம் ரேடியோ கிளப்பின் கூட்டம் தொடங்கவே பதினொன்றரை ஆகிவிட்டது. பேச இருந்தது ஒன்றே ஒன்றுதான். அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு முடிகிறது. எங்கள் ஹாம்களின் மேசைகளில் இருக்கும் பதினொரு கம்ப்யூட்டர்களில் எட்டு, விண்டோஸ் 11-ஐ ஏற்காத பழைய லேப்டாப்கள். ரேடியோ கேட்க அதற்கு மேல் தேவையும் இல்லை. தூக்கிப்போட யாருக்கும் மனசு வராது. லினக்ஸுக்குப் போகலாம் என்பதில் ஆட்சேபணை எழவில்லை. எந்த லினக்ஸ், அதாவது எந்த டிஸ்ட்ரோ, என்று கேட்டதும் ஆளுக்கொரு பெயர் சொன்னார்கள்.

கடைசியில் என் தலையில் கட்டினார்கள். 2018-இல் கிளப்புக்கு வழிகாட்டி எழுதியவன் நான்தானே. "நீங்க எதைச் சொன்னாலும் சரி சார். ஆனா சொன்னதுக்கு நீங்கதான் பொறுப்பு" என்றார் செயலாளர். அவர் சொன்னது நியாயம்.

பொறுப்பு என்றால் என்னவென்று எனக்குத் தெரியும். மருந்துக்கடை வைத்திருக்கும் நம் ஓ.எம். (சக ஹாமை நாங்கள் அப்படித்தான் அழைப்போம்) ராத்திரி ஒன்பதரைக்கு ஷட்டரை இறக்கிவிட்டு வந்து, கம்ப்யூட்டரை ரேடியோவாக்கும் யு.எஸ்.பி. டாங்கிளைச் செருகுவார். ஒன்றும் வராது. எனக்குப் போன் செய்வார். அவர் திரையைப் பார்க்காமலே, என்ன நடந்திருக்கும், அடுத்து எதைத் தட்ட வேண்டும் என்று நான் சொல்ல வேண்டும். ஒரு டிஸ்ட்ரோவை அந்த அளவுக்கு என்னால் மனசில் வைத்துக்கொள்ள முடியும். நான்கை முடியாது.

செப்டம்பர் 23 – செவ்வாய்

பழைய வழிகாட்டியை எடுத்துப் படித்தேன். உபுண்டு 18.04, க்னூ ரேடியோ 3.7. இன்றைக்கு அதில் ஒரு பக்கம்கூட உதவாது. 3.7-இல் வரைந்த ஃப்ளோகிராஃப் கோப்புகள் எக்ஸ்.எம்.எல்.; 3.8 வந்ததும் அது யாம்ல் ஆனது, பழைய திரைக் கருவிகளையும் கழற்றிவிட்டார்கள். 3.9-இல் உள்ளே இருந்த பைத்தான் இணைப்பு முறையே மாறி, வெளியார் எழுதிய தொகுதிகள் பல படுத்துவிட்டன. "பிப் வைத்து நிறுவுங்கள்" என்று நான் எழுதிய வரியை டெபியன் 12-இல் அடித்தால், இந்தப் பைத்தானை நீ தொடாதே என்று பிழை வரும்.

அதைவிட வருத்தம், நான் எதைப் பிடிக்கச் சொல்லிக்கொடுத்தேனோ அதுவே இல்லை. நோவா வானிலைச் செயற்கைக்கோள்களில் 18 ஜூனிலும், 15-உம் 19-உம் ஆகஸ்டிலும் அணைக்கப்பட்டுவிட்டன. அந்த டிக்-டாக் ஒலியைக் கேட்டுக்கொண்டே மேகப்படம் வரிவரியாக இறங்குவதைப் பார்த்துத்தான் இந்த ஊரில் பாதிப் பேர் ரேடியோவுக்குள் வந்தார்கள். இனி ரஷ்யாவின் மெடியோர் எம்2-3, எம்2-4 மட்டும்தான். 137.9 மெகாஹெர்ட்ஸ், டிஜிட்டல். ஆண்டெனா பழையதே போதும்: 53.4 சென்டிமீட்டரில் இரண்டு கம்பி, நடுவில் 120 டிகிரி. மென்பொருள்தான் புதிதாக வேண்டும். ஆக, புதிய மென்பொருள் ஓடுகிற அளவுக்குப் புதியதாகவும், நான்கைந்து வருடம் காலை வாராத அளவுக்கு நிதானமாகவும் ஒரு டிஸ்ட்ரோ.

செப்டம்பர் 26 – வெள்ளி

இன்று மாலையை மறக்க மாட்டேன்.

இன்ஜினீயரிங் இரண்டாம் ஆண்டு படிக்கும் பெண், அப்பாவோடு வீட்டுக்கு வந்தாள். கையில் புது ஆர்டிஎல்-எஸ்டிஆர் வி4 டாங்கிள். டியூஷன் எடுத்துச் சேர்த்த காசில் வாங்கியது. என் டெபியன் 12 லேப்டாப்பில் செருகினோம். விளக்கு எரிந்தது, அலைவரிசைகளைக் காட்டும் வாட்டர்ஃபால் படம் ஓடியது. ஆனால் மேலிருந்து கீழ்வரை வெறும் நீலம். புதுச்சேரி ரெயின்போ 102.8 எங்கள் வீட்டில் குடைக்கம்பியை நீட்டினாலே கேட்கும். அது இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கீற்றுகூட இல்லை. ஆண்டெனாவை மாற்றினேன், கேபிளை மாற்றினேன், யு.எஸ்.பி. துளையை மாற்றினேன். மணி எட்டு. "டாங்கிள் போயிடுச்சா அங்கிள்?" என்று மெல்லக் கேட்டாள். அவள் அப்பா எதுவும் பேசவில்லை, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

அப்புறம்தான் டெர்மினலை நிதானமாகப் படித்தேன். ஆர்828டி ட்யூனர் கிடைத்தது என்று ஒரு வரி. அதற்குக் கீழே, பி.எல்.எல். பூட்டவில்லை என்று இன்னொன்று. விஷயம் அங்கே இருந்தது. ட்யூனர் சிப் ஒரு படிகத்தின் துடிப்பைப் பெருக்கித்தான் எந்த அலைவரிசைக்கும் போகிறது. டெபியன் 12-இல் இருக்கும் டிரைவர் 0.6. ஆர்828டி-யைப் பார்த்தாலே படிகம் 16 மெகாஹெர்ட்ஸ் என்று எடுத்துக்கொள்ளும். வி4-இல் இருப்பதோ 28.8. கணக்கு 1.8 மடங்கு பிசகி, சிப்பை அது எட்டமுடியாத இடத்துக்குப் போகச் சொல்கிறது. பாவம், அது பூட்டாமல் நிற்கிறது.

ஆகஸ்டில் வந்த டெபியன் 13-ஐ ஒரு பென்டிரைவில் வைத்திருந்தேன். அதிலிருந்து பூட் செய்து, அதன் களஞ்சியத்தில் இருந்தே டிரைவரை நிறுவினேன். 2.0.2. ரேடியோ கேட்கும் ஜிக்யூஆர்எக்ஸ் மென்பொருளைத் திறந்ததும் நீலத்தின் நடுவில் மஞ்சள் பட்டை ஒன்று தடிமனாக விழுந்தது. அறிவிப்பாளர் குரல். அந்தப் பெண் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

நல்ல டாங்கிளைக் கெட்டுப்போனது என்று திருப்பி அனுப்பியிருப்போம். புதிதாக வருகிறவர்களை ரேடியோவிலிருந்து விரட்ட இப்படி ஒரு மாலை போதும்.

செப்டம்பர் 28 – ஞாயிறு

கிளப்பில் இருக்கும் பாலிடெக்னிக் தம்பி ஆர்ச் லினக்ஸுக்காக ஒரு மணி நேரம் வாதாடினான். "புது டிரைவர் வந்தா உடனே வந்துரும்ணா. ரெண்டு வருஷம் காத்திருக்க வேணாம்." வெள்ளிக்கிழமை பட்டதற்குப் பிறகு அவனை நான் எப்படி மறுப்பது? ஆனால் எங்கள் ஆட்களில் பாதிப் பேர் லேப்டாப்பை ஆறு மாதத்துக்கு ஒருமுறைதான் திறப்பார்கள். தினமும் புழங்குகிறவனுக்கு ஆர்ச் நல்ல துணை. ஆறு மாத மாற்றத்தை ஒரே நாளில் வாங்கிக்கொள்கிறவருக்கு இல்லை.

டிராகன் ஓஎஸ் இன்னொருவரின் யோசனை. லுபுண்டுவின் மேல் அத்தனை எஸ்டிஆர் மென்பொருளையும் ஏற்றித் தந்திருக்கிறார்கள். அந்த உழைப்புக்குக் கும்பிடு போட வேண்டும். என்ன சேர்ந்தால் என்ன ஆகும் என்று பார்க்க அதைத்தான் நானே ஓட்டுவேன். ஆனால் அதில் எது எங்கிருந்து வந்தது என்று போனில் சொல்ல எனக்குத் தெரியாது. ஃபெடோரா நல்ல டிஸ்ட்ரோ. ஆனால் டாங்கிளைத் தொட அனுமதி தரும் பிளக்டெவ் குழு அதில் கிடையாது, என் குறிப்புகள் எல்லாம் அந்தக் குழுவை நம்பி எழுதியவை. ஒரு வயசான மனிதருக்கு இரண்டு விதமாகச் சொல்லிக் குழப்ப நான் தயாரில்லை.

அக்டோபர் 1 – புதன்

ஆயுத பூஜை. பழைய கையடக்க ரேடியோ, சால்டரிங் அயர்ன், மல்டிமீட்டர், இரண்டு டாங்கிள் எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம். பேரன் லேப்டாப் மூடியிலும் ஒரு பொட்டு வைத்தான். இன்று எதையும் தொடக்கூடாது, யோசிக்கலாம்.

தானே புயல்தான் நினைவுக்கு வந்தது. 2011 டிசம்பர் 30 விடிகாலை. பலா, முந்திரி எல்லாம் சாய்ந்து, நாள்கணக்கில் கரண்ட் இல்லை. போன் கோபுரங்கள் செத்துக்கிடந்தன. எங்களில் சிலர் கார் பேட்டரியில் ரேடியோவை ஓட்டிச் செய்தி அனுப்பினோம். அந்த நாளில் ஒரு கம்ப்யூட்டர் படுத்து, மறுபடி நிறுவ வேண்டியிருந்தால்? நெட் இருந்தால்தான் நிறுவமுடியும் என்கிற எதுவும் எங்கள் ஊருக்கு ஆகாது. முதல் நாளே கேட்டிருக்க வேண்டிய கேள்வி இது.

அக்டோபர் 4 – சனி

ராஸ்பெரி பை ஓஎஸ்ஸும் டெபியன் 13-க்கு மாறிவிட்டது. கிளப்பில் மூன்று பை இருக்கின்றன. லேப்டாப்புக்கும் பை-க்கும் இனி ஒரே அடித்தளம், ஒரே கட்டளை, ஒரே குறிப்பு. உபுண்டு 24.04-உம் வி4-ஐ அறியும், மறுக்கவில்லை. ஆனால் உபுண்டுவின் ரேடியோ மென்பொருளில் பெரும்பாலானவை டெபியனின் ஹாம்ரேடியோ குழுவினர் சம்பளமில்லாமல் கட்டி, அங்கிருந்து போனவை. ஊற்றிலேயே மொண்டுகொள்ளலாம். நம் சென்னை சி-டாக்கின் பாஸ் லினக்ஸும் டெபியன் வழி வந்ததுதான். அரசு லேப்டாப்பில் அதைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகளுக்கு முழுக்கப் புதிதாகவும் இருக்காது. க்னூ ரேடியோ 3.10 உள்ளேயே இருக்கிறது. பாதுகாப்புத் திருத்தங்கள் 2030 வரை.

டெபியன் 13. எழுதிவிட்டேன்.

அக்டோபர் 5 – ஞாயிறு

முடிவைச் சொன்னேன். பாலிடெக்னிக் தம்பி முகம் சுண்டியது, ஆனால் மறுவாரம் நிறுவ வருவதாக அவனே சொன்னான். கஷ்டம் வேறு இடத்தில் வந்தது.

ஓய்வுபெற்ற தலைமையாசிரியரிடம் இருப்பது 32-பிட் நெட்புக். டெபியன் 13 அதில் நிறுவவே நிறுவாது; 32-பிட் பிசிக்கான நிறுவியை இந்தப் பதிப்போடு விட்டுவிட்டார்கள். 2005-இல் பிஎஸ்எல்வி ஏற்றிய நம் ஹாம்சாட் செயற்கைக்கோள் வழியே பேசிப் பழகியவர், கிளப்பில் பாதிப் பேருக்கு மோர்ஸ் சொல்லிக்கொடுத்தவர். "அப்ப நான் வெளியேதானா தம்பி?" என்றார் சிரித்துக்கொண்டே. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ராத்திரி அவர் வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன். அவருடையது பழைய ஆர்820டி டாங்கிள். டெபியன் 12-க்கு அது நன்றாகத் தெரியும். 12-இல் 32-பிட்டும் உண்டு, திருத்தங்கள் 2028 ஜூன் வரை வரும். அதை நிறுவிக்கொடுத்துவிட்டேன். வழிகாட்டியில் இது வராது. அவருக்கு மட்டும் நான் தனியாகக் கொடுத்த வாக்கு.

அக்டோபர் 12 – ஞாயிறு

ஏழு மெஷின் முடிந்தன. முதல் லேப்டாப்பில் தேவையானதையெல்லாம் நிறுவி, இறங்கிய டெப் கோப்புகளை அழியாமல் எடுத்து, நிறுவும் இமேஜோடு பென்டிரைவில் போட்டோம். வைஃபையை அணைத்துவிட்டுத்தான் இரண்டாவதை ஆரம்பித்தோம். நடுவில் ஒரு கோப்பு குறைந்தது. சேர்த்துக்கொண்டு மறுபடி முதலிலிருந்து. மூன்றாவது லேப்டாப் நெட்டைத் தொடாமலே எழுந்து நின்றது. அந்தப் பெண்தான் உட்கார்ந்து செய்தாள். ஆளுக்கொரு பென்டிரைவ், மேலே பிளாஸ்திரி ஒட்டி, தேதி எழுதி, பாலித்தீன் உறையில்.

அக்டோபர் 19 – ஞாயிறு

நாளை தீபாவளி. விடாத மழை. ராத்திரி ஒன்பதே முக்காலுக்கு மருந்துக்கடை ஓ.எம். போன். என்னவோ ஏதோ என்று எடுத்தேன்.

"ஹார்டுடிஸ்க் போயிடுச்சு சார், முந்தாநேத்து. பையனோட பழைய டிஸ்க்கைப் போட்டு, நீங்க குடுத்த பென்டிரைவ்லேர்ந்து ஏத்திட்டேன். நெட்டு நேத்து மத்தியானத்துலேர்ந்து இல்ல. காலையில மெடியோர் புடிச்சேன். வங்கக்கடல் மேல பெரிசா மேகம் தெரியுது. நெட்டு வந்ததும் அனுப்புறேன்."

ஆண்டெனாவை எங்கே கட்டினார் என்று கேட்டேன். மொட்டைமாடியில் துணி காயப்போடும் கம்பத்தில், குடை பிடித்துக்கொண்டு.