ஊவா மலையில் சிறிய காரின் பெருமூச்சு

வெல்லவாயவிலிருந்து எல்ல நோக்கிச் செல்லும் வீதியின் எழிலை ஒருமுறை கண்டவர் மறத்தல் அரிது. ஒருபுறம் வானளாவிய பாறை. மறுபுறம் ஆழ்ந்த பள்ளத்தாக்கு. வழியில் இராவணன் பெயர் தாங்கிய அருவி. கடல் மட்டத்திலிருந்து சுமார் 200 மீட்டர் உயரத்திலுள்ள வெல்லவாயவை விட்டுப் புறப்படும் வண்டி, முப்பது கிலோமீட்டருக்கும் குறைந்த தூரத்தில் கடல் மட்டத்திலிருந்து 1,000 மீட்டருக்கு மேற்பட்ட உயரத்தை எட்டிவிடுகிறது. பண்டாரவளை 1,200 மீட்டரையும் அப்புத்தளை 1,400 மீட்டரையும் கடந்து நிற்கின்றன. பதுளை மாநகரோ மலைகள் சூழ, கிண்ணத்தின் அடியில் வைத்தாற்போல், சுமார் 680 மீட்டரில் அமைந்திருக்கிறது.

இம்மலைகளின் இயல்பை இரயில்பாதை அமைத்தோர் நன்கறிந்திருந்தனர். 44 அடிக்கு ஓர் அடி என்ற ஏற்றத்தை எல்லையாகக் கொண்டு வளைந்து வளைந்து சென்று, 1924ஆம் ஆண்டில் பதுளையை எட்டினர். தெமோதரையில் பாதையை வட்டமாகச் சுழற்றி, அங்குள்ள நிலையத்தின் அடியிலேயே சுரங்க வழியாகச் செலுத்தினர். எஞ்சினின் வலுவுக்கேற்ப வழியை வகுத்தனர் என்க. தோட்டத்து வீதிகளோ கொழுந்தைத் தொழிற்சாலைக்குக் கொண்டுசெல்ல எழுந்தவை. அவற்றில், வழிக்கேற்ப வண்டிதான் தன்னைத் தயார் செய்துகொள்ள வேண்டும்.

நள்ளிரவில், பேறுகால வேதனையில் துடிக்கும் ஒரு பெண்ணை லயத்திலிருந்து பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசெல்ல வேண்டியிருக்கிறது. கிடைப்பதோ ஒரு சிறிய கார். அது பாதி ஏற்றத்தில் திணறி நின்றுவிட்டால் என்னாகும்? எஞ்சின் ஒழுங்காயிருப்பது அவ்வேளையில் இரண்டு உயிர்களின் காரியமன்றோ?

கார் திணறியவுடன் எஞ்சின் பழுது என்று முடிவு கட்டுவது பிழை. எல்லாம் மலையின் வேலை என்று வாளாவிருப்பதும் பிழை. மலை எடுத்துக்கொள்வது எவ்வளவு, பழுது எடுத்துக்கொள்வது எவ்வளவு என்று பிரித்தறிவதே முதற் காரியம்.

பெற்றோல் எரியக் காற்று வேண்டும். உயரம் கூடக் கூடக் காற்று அடர்த்தி குறைகிறது. அப்புத்தளையில் காற்றின் அழுத்தம் கடற்கரையில் உள்ளதைவிட ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கு குறைவு. சாதாரண எஞ்சினின் வலுவும் அதே அளவு குறையும். 948 கன சென்ரிமீட்டர் எஞ்சின் கொண்ட மொறிஸ் மைனர் 37 குதிரைவலுவுடன் வெளிவந்தது. அப்புத்தளையில் அதற்குக் கிட்டுவது சுமார் 32 மாத்திரமே. அத்துடன் ஐவரையும் இரண்டு மூட்டை வெலிமடை உருளைக்கிழங்கையும் ஏற்றினால் பெருமூச்சு விடாமல் என்ன செய்யும்?

இந்தக் குறைவு படிப்படியாக வரும். புகையோ நாற்றமோ குலுக்கலோ இராது. கீழே இறங்கியதும் வலு திரும்பிவிடும். அவ்வாறன்றி, சென்ற மாதம் எளிதாக ஏறிய அதே ஏற்றத்தில் அதே சுமையுடன் இன்று திணறினாலோ, சமதரையிலும் மந்தம் நீடித்தாலோ, அது பழுதென்றே கொள்க.

பழுதைத் தேடுகையில் செலவு குறைந்ததிலிருந்து தொடங்குதல் நன்று. முதலில் காற்று வடிகட்டி. ஆண்டின் நடுப்பகுதியில் ஊவாத் தேயிலைக்குத் தனி மணம் தரும் அதே வறண்ட காற்று, தோட்டத்து வீதிப் புழுதியையும் வடிகட்டியில் கொண்டு சேர்த்துவிடுகிறது. அடுத்து பிளக். அதன் முனையில் கரி படிந்து, கரும்புகையும் வந்தால், காற்றுக்கு மிஞ்சிய பெற்றோல் செல்கிறதென்று பொருள். கொழும்பில் சீர்செய்த பழைய காபரேட்டர் மலையில் இவ்வாறு செய்வதுண்டு. இங்குள்ள காற்றுக்கேற்ப அதை மறுபடி சீர்செய்தல் வேண்டும். புதிய கார்களில் உணர்கருவிகளே பெற்றோலின் அளவைத் திருத்திக்கொள்ளும். ஆயினும் குறைந்த காற்றை அவற்றாலும் கூட்ட இயலாது.

சமதரையில் நன்றாக ஓடி, செங்குத்தில் மட்டும் குலுங்கித் தயங்கினால் பெற்றோல் வடிகட்டி அடைபட்டிருக்கலாம். எஞ்சின் இரைகிறது, வேகம் கூடவில்லை, கருகல் நாற்றமும் வருகிறது என்றால் கிளச் தேய்ந்து வழுக்குகிறது. சமதரையில் பிரேக்கை அதிகம் மிதிக்காமல் ஓடி நின்றபின், ஒரு சக்கரத்தருகே மட்டும் வெப்பம் மிகுந்திருந்தால் அங்கே பிரேக் விடாமல் பிடித்திருக்கிறது. அது உடனே கராஜுக்குச் செல்ல வேண்டிய பழுது.

றேடியேற்றரையும் மறக்கலாகாது. அப்புத்தளை உயரத்தில் திறந்த பாத்திரத்து நீர் சுமார் 95 பாகையிலேயே கொதித்துவிடும். அழுத்தத்தால் அக்கொதிப்பைத் தள்ளிவைப்பது றேடியேற்றர் மூடியே. அது பழுதானால் நீர் விரைவில் பொங்கிவிடும். சூடாயிருக்கையில் அம்மூடியைத் திறத்தல் பேராபத்து.

மலையேறுகையில் எஞ்சின் திணறுமுன்பே கியரைக் குறைத்தல் வேண்டும். வளிசீராக்கியை நிறுத்தினால் சிறிது வலு மிஞ்சும். இறங்குகையிலும் குறைந்த கியரே நல்ல துணை. பிரேக்கை இடைவிடாது மிதித்தால் அது சூடேறிப் பிடிப்பை இழந்துவிடும்.

ஊவாவின் மலைகளைத் தாழ்த்த நம்மால் ஆகாது. புழுதி படிந்த வடிகட்டியை மாற்ற ஆகும். அதை வைகறையில், ஆளும் வெளிச்சமும் உள்ளபோதே செய்துவிட்டால், நள்ளிரவில் லயத்துக் கதவு தட்டப்படும்போது கார் ஆயத்தமாக இருக்கும்.