வேடிக்கை பார்க்கும் உரிமை

"வேடிக்கை பார்க்காதே" என்பது நம் பிள்ளைகள் நடக்கப் பழகும்போதே கேட்டுப் பழகுகிற சொல். ஆடு மேய்க்கப் போன பையன் மரத்தை அண்ணாந்து பார்த்தால் அடி. களையெடுக்கிற பொம்பளை நிமிர்ந்து வானத்தைப் பார்த்தால் வசவு. தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் போகிறவளுக்கு எண்ணிக்கைக்குத்தான் கூலி. தலை நிமிர்ந்த நேரத்துக்குக் காசு கிடையாது. வேலை வாங்குகிறவன் வேலை செய்கிறவனைப் பார்த்துச் சொல்கிற சொல் இது. சும்மா நின்று பார்ப்பது என்பது அவனுடைய சொத்தாக இருக்கிறது. மலை, ஏரி, பறவை, மிருகம் என்று எழுதப்படுகிற எழுத்தில் பெரும்பகுதி அந்தச் சொத்திலிருந்து வந்ததுதான்.

நான் தமிழ் எம்.ஏ. படித்தவள். குறிஞ்சி என்றால் மலையும் மலை சார்ந்த இடமும் என்று எழுதி மார்க் வாங்கினேன். குறிஞ்சிப்பாட்டின் 99 பூக்களை வரிசை மாறாமல் ஒப்பித்தேன். ஆனால் எங்களுக்கு மலை என்பது திருவில்லிபுத்தூர் போகிற பஸ்ஸில் உட்கார்ந்தால் மேற்கே நீலமாகத் தெரிவது மட்டும்தான். மல்லாங்கிணற்றைச் சுற்றிக் கரிசல். சீமைக்கருவேலம். வானம் பார்த்த கம்மாய்கள்.

அந்தக் கம்மாயும் எங்களுக்கு இயற்கைக்காட்சியாக இருந்ததில்லை. எங்கள் கிராமத்தில் கரைக்கு ஒரு சாதி. குளிக்கிற படித்துறை ஊருக்கு. கலங்கல் பக்கத்துப் பள்ளம் காலனிக்கு. என் தாத்தா நீர்பாய்ச்சி. மடை திறக்க, அடைக்க, உடைப்பெடுத்தால் நடுராத்திரியில் மண்மூட்டை சுமக்க அவர் வேண்டும். மீன்பாசி ஏலத்தன்று மட்டும் அவர் எட்ட நிற்க வேண்டும். எந்தப் பறவை எங்கே நிற்கிறது என்று பார்த்தே தண்ணீரின் ஆழத்தைச் சொல்வார். "நாரை நின்னா முழங்கா மட்டம், முக்குளிப்பான் முங்குச்சுன்னா ஆள் மட்டம்" என்பார். இதைப் பறவையியல் என்று யாரும் சொல்லவில்லை. அவருடைய அறிவு அவருடைய கூலிக்குள்ளேயே அடங்கிப் போனது.

இந்தப் பின்னணியில்தான் எங்கள் படிப்பகத்துப் பிள்ளைகளைத் தேக்கடிக்குக் கூட்டிப் போவது என்று முடிவெடுத்தோம். தோழர்கள் சிலர் முகம் சுளித்தார்கள். "சுடுகாட்டுப் பாதைக்கு மனுக் குடுத்து நாலு வருசமாச்சு, இப்பப் போயி கொக்கும் குருவியும் காட்டப் போறியா?" என்று ஒரு மூத்த தோழர் கேட்டார். நியாயமான கேள்விதான். அதற்குப் பதில் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

தீபாவளி முடிந்து பட்டாசு ஆலைகள் அடைத்துக் கிடக்கும் கார்த்திகை மாசம் அது. வேலையில்லாத அந்த நாட்களில்தான் தாய்மாரால் வர முடியும். வாராவாரம் சேர்த்த காசில் ஒரு வேன். மதுரை, தேனி, கம்பம் தாண்டிக் குமுளி ஏறினோம். ஊர் முழுக்க ஐயப்ப சாமிகள். படகுத்துறை வரிசையில் முன்னால் நின்றவர் நம் பேச்சைக் கேட்டுத் திரும்பினார். "எந்த ஊரு?" "மல்லாங்கிணறு பக்கம்." "ஊருக்குள்ளயா, காலனியா?" மலை ஏறி, மாநிலம் தாண்டி வந்தும் அந்தக் கேள்வி எங்களோடு வரிசையில் நின்றது. எங்களோடு வந்திருந்த பெரியம்மா ஒருத்தி சொன்னாள்: "காலனிதான் அண்ணாச்சி. நீங்க எதப் பாக்க வந்தீகளோ அதத்தான் நாங்களும் பாக்க வந்துருக்கோம்." அவர் திரும்பிக்கொண்டார்.

படகில் போனபோது அக்கரையில் மிளாக்கள் மேய்ந்தன. தூரத்தில் குட்டியோடு யானைகள். ஏரிக்கு நடுவே பட்டுப்போன மரங்கள் கருப்பாக நின்றன. அவற்றின்மேல் நீர்க்காகங்கள் இறக்கையை விரித்துக் காயவைத்துக்கொண்டிருந்தன. "அக்கா, இது நம்ம கம்மாய்க்கு வர்ற நீர்க்காக்காதான?" என்றான் ஒரு பையன். அவன்தான் அன்றைக்கு முதல் பறவையை அடையாளம் சொன்னவன். ஒரு சிறுமி கேட்டாள்: "தண்ணிக்குள்ள ஏன்க்கா மரம் செத்து நிக்குது?"

அந்தக் கேள்விக்குள் ஒரு வரலாறு இருக்கிறது. இது தானாக உண்டான ஏரி இல்லை. 1886-இல் திருவிதாங்கூரும் சென்னை மாகாண அரசும் 999 வருசத்துக்கு ஒப்பந்தம் போட்டு, 8,000 ஏக்கர் காட்டை மூழ்கடிக்க முடிவு செய்தன. 1887-இல் தொடங்கி 1895-இல் அணை முடிந்தது. அன்றைக்கு மூழ்கிய காட்டின் மிச்சம்தான் அந்த மரங்கள். கல்லும் சுண்ணாம்பும் சுர்க்கியும் சுமந்த கூலிகள் மலேரியாவிலும் காலராவிலும் நூற்றுக்கணக்கில் செத்தார்கள். எஞ்சினியர் பென்னிகுயிக்குக்கு 2013-இல் லோயர்கேம்பில் மணிமண்டபம் திறந்தார்கள். அவர் பேரைச் சொல்லிப் பொங்கல் வைக்கிற விவசாயிகளின் நன்றி உண்மையானது. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் நாங்கள் போன படகில் சொல்லப்பட்ட கதையில் கல் சுமந்தவர் ஒருவர்கூட வரவில்லை. சுரங்கம் வழியாகக் கிழக்கே வருகிற அந்தத் தண்ணீர் வைகையில் சேர்ந்து ராமநாதபுரம் வரை போகிறது. எங்கள் கரிசலுக்கு வானம்தான்.

இன்னொரு கணக்கையும் பிள்ளைகளுக்குச் சொன்னேன். இந்த ஏரியைச் சுற்றிய காட்டைத் திருவிதாங்கூர் அரசு 1934-இல் மிருகங்களுக்கான காப்பிடமாக்கியது. அதே அரசு தாழ்த்தப்பட்டோருக்குக் கோயில் கதவைத் திறந்தது 1936 நவம்பர் 12-இல். மிளாவுக்கு முதலில், புலையருக்குப் பிறகு. காட்டைக் காத்தது தப்பு என்று நான் சொல்லவில்லை. யாரைக் காக்க வேண்டும் என்பதில் ஒரு வரிசை இருந்தது என்கிறேன். காட்டுக்குள் வாழ்ந்த மன்னான், பளியர் குடிகளும் பின்னாளில் குமுளிப் பக்கம் குடியமர்த்தப்பட்டார்கள்.

இன்று காட்டு நடைக்கு வழிகாட்டுகிறவர்கள் அந்தக் குடிகளின் பிள்ளைகள்தான். ஒருகாலத்தில் வயணப்பட்டை உரித்துக் கடத்தி வழக்கு வாங்கியவர்கள்கூட, 1990-களின் கடைசியில் வனத்துறையோடு குழு அமைத்துக் காவலர்களாக, வழிகாட்டிகளாக மாறினார்கள். காட்டைத் தெரிந்தவன் திருடனாக இருந்தாக வேண்டியதில்லை, அவன் அறிவுக்குச் சம்பளம் கொடுக்க முடியும் என்பதற்கு அது சாட்சி. என் தாத்தாவை நினைத்துக்கொண்டேன்.

அட்டைக்கு உறை கட்டிக்கொண்டு பெரிய பிள்ளைகளும் தாய்மாரும் நடந்தோம். மூங்கில் காட்டுக்குள் எங்கோ படீர் என்று ஒரு சத்தம். பிள்ளைகள் யானை என்று அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தார்கள். தாய்மார் மூணு பேர் மரங்களுக்கு மேலே வானத்தைப் பார்த்தார்கள். ஆலையில் சத்தம் கேட்டால் எந்தப் பக்கம் புகை ஏறுகிறது, யார் வேலை செய்கிற அறை அது என்று பார்க்கிற பார்வை அது. 2012 செப்டம்பர் 5-இல் முதலிப்பட்டியில் 30-க்கும் மேற்பட்டோர் வெந்து செத்த பூமி எங்களுடையது. வழிகாட்டி ரொம்ப நேரம் அசையாமல் நிற்கச் சொன்னார். நின்றார்கள். கொஞ்சங் கொஞ்சமாக அவர்கள் கண் வானத்திலிருந்து இறங்கி, கிளைக்கு வந்து, ஒரு மலையணிலிடம் நின்றது. "இம்புட்டு நேரம் சும்மா நின்னு நான் எதையுமே பாத்ததில்லடி" என்றாள் ஒருத்தி.

தோழர் கேட்ட கேள்விக்கு என் பதில் இங்கேதான் இருக்கிறது. 1927 மார்ச் 20-இல் மகாடில் அண்ணல் அம்பேத்கர் சவுதார் குளத்துத் தண்ணீரை அள்ளிக் குடித்தது தாகத்துக்காக அல்ல. நாமும் மனிதர் என்று நிறுவத்தான் என்று அவரே விளக்கினார். சாதி இந்துக்கள் சாணியும் கோமூத்திரமும் கலந்த 108 குடங்களைக் குளத்தில் ஊற்றித் 'தீட்டு' கழித்தார்கள். நீதிமன்றத்தில் அந்த உரிமை உறுதியாக 1937 ஆனது. தண்ணீரைத் தொடுகிற உரிமை என்றால், அதன் கரையில் கேள்வி கேட்பாரின்றி நிற்கிற உரிமையும் அதற்குள் அடக்கம். சுடுகாட்டுப் பாதை செத்த பிறகு போவதற்கு. உயிரோடு இருக்கும்போது போகவும் பாதை வேண்டும்.

இது நமக்கு மட்டும் நேர்ந்ததல்ல. அமெரிக்காவின் ஷெனன்டோவா தேசியப் பூங்காவில் 1939-இல் கறுப்பர்களுக்கென்று லூயிஸ் மவுண்டன் என்ற தனியிடத்தை ஒதுக்கித் திறந்தார்கள். அந்தப் பிரிவினை முழுதாக ஒழிய 1950 ஆனது. 2020 மே 25-இல் நியூயார்க் சென்ட்ரல் பூங்காவில் பறவை பார்த்துக்கொண்டிருந்த கிறிஸ்டியன் கூப்பர் என்ற கறுப்பர், நாயைக் கட்டிப் பிடிக்கச் சொன்னதற்காக ஒரு வெள்ளைக்காரப் பெண் போலீசைக் கூப்பிட்டாள். அதே நாளில்தான் மின்னியாபோலிசில் ஜார்ஜ் ஃபிளாய்டைப் போலீஸ் கொன்றது. சில நாட்களில் கறுப்பினப் பறவை நோக்குவோர் ஒன்றுசேர்ந்து தங்களுக்கென்று ஒரு வாரமே நடத்தினார்கள். பைனாகுலரோடு நிற்பதும் அவர்களுக்குப் போராட்டமானது.

எனவே தோழர்களே, படிப்பகம் நடத்துகிறவர்கள் வருசத்துக்கு ஒரு காடு, ஒரு ஏரி என்று திட்டத்தில் சேருங்கள். தூரம் போகத்தான் வேண்டும் என்பதில்லை. விருதுநகர் மாவட்டத்துப் பிள்ளைகளுக்குத் திருவில்லிபுத்தூர் செண்பகத்தோப்பு இருக்கிறது. 1988-இல் சாம்பல் நிற அணிலுக்காகச் சரணாலயமாகி, 2021-இல் மேகமலையோடு சேர்ந்து புலிகள் காப்பகமான மலை அது. அதன் மறுபக்கம்தான் பெரியாற்றுக் காடு. வனத்துறை வருசந்தோறும் நடத்துகிற நீர்ப்பறவைக் கணக்கெடுப்புக்குத் தன்னார்வலராக நம் பிள்ளைகள் பேரைக் கொடுங்கள். ஊர்க் கம்மாய்க் கரையில், எந்தப் படித்துறையிலும் நின்று, நோட்டும் பென்சிலுமாக அவர்கள் எண்ணட்டும். முதல் பக்கத்தில் பறவைகளின் பேரோடு, அந்தப் பேரைச் சொல்லிக்கொடுத்த தாத்தாவின் பேரையும் எழுதச் சொல்லுங்கள்.