‘அகீம்’ என்னும் சொல்

மகப்பேறு வாய்க்காதவரை அரபு மொழி ‘அகீம்’ என்று சுட்டும். செவ்விய வழக்கில் பெண்பால் விகுதியின்றியே அச்சொல் பெண்ணையும் குறிக்கும், ஆணுக்கும் அதுவே. திருமறையின் ‘அஷ்ஷூரா’ அத்தியாயம், இறைவன் தான் நாடியோரை அகீமாக்குவதைக் கூறுமிடத்தில் ஆண், பெண் என்று பிரித்துரைக்கவில்லை. நம் தமிழிலோ ‘மலடன்’ அகராதியில் உறங்குகிறான். ‘மலடி’ மட்டுமே வீதியில் நடமாடுகிறாள்.

கருக்குழாய் அடைபட்ட பெண்ணுக்கு அச்சொல் பொருளளவிலும் பொருந்தாது. அவளுடைய சூலகம் மாதந்தோறும் முட்டையை ஈனுகிறது. கருப்பை ஏற்கக் காத்திருக்கிறது. இடையே ஏறத்தாழ 10 சென்டிமீட்டர் நீளமுள்ள குழாய். முட்டையும் விந்தணுவும் கூடுவது அங்கேதான். 16ஆம் நூற்றாண்டில் அதனை விவரித்த இத்தாலியர் ஃபலோப்பியோவின் பெயரால் அரபு நூல்கள் அதனைக் ‘கனாத் ஃபாலூப்’ என்கின்றன. கனாத் என்றால் வாய்க்கால். வாய்க்கால் தூர்ந்ததற்காக வயலைத் தரிசு என்பாருண்டோ?

பழைய நோய்த்தொற்று, வெடித்த குடல்வால், முன்னர் செய்த அறுவை ஆகியவற்றால் குழாய் அடைபடும். நம் நாட்டில் காசநோய்க்கும் இதில் பங்குண்டு. இருமலே காட்டாமல் அது கருக்குழாயை அரித்துவிடும். பால்வினைத் தொற்றாயின் கணவனிடமிருந்தே வந்திருக்கவும் கூடும். இதைச் சொல்லத்தான் நம் பெரியவர்களுக்கு நா எழுவதில்லை. மாதவிலக்கு பெரும்பாலும் ஒழுங்காகவே வருமாதலால் அப்பெண்ணும் அறியமாட்டாள்.

கணவனின் விந்தைச் சோதிப்பது எளிது. வலியில்லை, செலவும் குறைவு. ஆயினும் நாமறிந்த ஒரு குடும்பத்தார் மருமகளை ஐந்தாண்டுகள் தாயத்துக்கும் கஷாயத்துக்கும் அலைக்கழித்தனரேயன்றி, மகனை ஒருநாளும் அனுப்பினாரில்லை. வயது 35ஐக் கடந்தால் பெண்ணின் கருவளம் விரைந்து குறையும். அவ்வைந்தாண்டுகளை அவளுக்கு எவர் மீட்டுத் தருவார்? மகப்பேறு வேண்டிக் கையேந்திய ஸக்கரிய்யா (அலை) அவர்கள், தம் எலும்பின் தளர்ச்சியையும் தலைநரையையும் முதலிற் கூறி, அதன் பின்னரே மனைவியின் நிலையைக் கூறியதாகத் திருமறை காட்டுகிறது. அவ்வரிசையை நம் வீட்டார் கவனிப்பாராக.

கருப்பைக்குள் சாயநீர் செலுத்தி எக்ஸ்ரே எடுத்தால் அடைப்பு தெரியும். சிலவேளை தசை இறுகித் திறந்த குழாயும் அடைபட்டதாகத் தோன்றும். ஆகவே ஒரு படத்தைக் கண்டே கலங்க வேண்டா. லேப்பராஸ்கோப்பி ஐயத்தைத் தெளிவிக்கும். ஒரு குழாய் திறந்திருப்பினும் இயல்பாகவே கருத்தரிக்கலாம். கருப்பையை ஒட்டிய அடைப்பைச் சிலருக்கு மெல்லிய கம்பி நுழைத்துத் திறக்கின்றனர். மறுமுனை அடைபட்டு நீர்கோத்த குழாயோ சோதனைக்குழாய் முறையின் வாய்ப்பையும் கெடுக்கும். முன்னரே அதனை அகற்றுவதுண்டு. சீர்செய்த குழாயிலேயே கரு தங்கிவிடும் ஆபத்தும் உண்டாதலால், நாள் தள்ளியதும் மருத்துவரைக் காண வேண்டும்.

இரண்டுமே அடைபட்டிருந்தால்? 1978 ஜூலை 25இல் இங்கிலாந்தின் ஓல்டாமில் பிறந்த லூயிஸ் பிரவுனின் தாய்க்கு இருந்த குறை அதுவே. முட்டையை வெளியே எடுத்துக் கணவனின் அணுவோடு கூட்டி, உருவான கருவைக் கருப்பையில் வைத்தனர். எல்லா முயற்சியும் பலிப்பதில்லை, செலவும் பெரிது.

“இது ஹலாலா?” என்று நம்மிடம் வினவுவோர் பலர். எகிப்தின் முஃப்தியாயிருந்த ஷைகு ஜாதுல் ஹக் 1980இலேயே இதனை அனுமதித்து ஃபத்வா வழங்கினார். 1986இல் அம்மானில் கூடிய சர்வதேச ஃபிக்ஹ் அகாடமியும், தேவை ஏற்படுமிடத்து, பேணுதலோடு செய்யலாமென ஏற்றது. விந்து கணவனுடையதாகவும், முட்டையும் கருப்பையும் அவன் மனைவியுடையனவாகவும் இருத்தல் வேண்டும். மூன்றாமவரின் விந்தோ முட்டையோ கருப்பையோ புகுந்தால் நஸப் குலையும், அது ஆகாது. மருத்துவமனையில் கையொப்பமிடுமுன் இதனை எழுத்திற் பெற்றுக்கொள்க. மிஞ்சும் கருக்களை என்செய்வர் என்பதையும் அப்போதே கேட்டறிக.