ஒரே நீர், இரு வேளைகள்

ஆகஸ்டு மாதத் தில்லியில் சுவர்களும் வியர்க்கும். நகரின் தென்பகுதியில் உள்ள ஓர் ஆய்வகத்தில், அம்மாதம் வார்த்த கண்ணாடியிழை நைலான் பட்டைகள் ஊசல் சுத்தியலின் அடி பட்டதும் பிஸ்கட்டைப் போல முறிந்தன. மே மாதத்தில் அதே அச்சில், அதே எந்திரத்தில் வார்த்தவை நன்றாகத் தாங்கியிருந்தன.

ஆய்வு மாணவர் முதலில் இழைகளைச் சந்தேகித்தார். எந்திரத்தின் திருகு வேகமாகச் சுழன்றால் இழைகள் நொறுங்கிக் குட்டையாகும். குட்டை இழைகள் விரிசலை எளிதில் நிறுத்துவதில்லை. ஒரு துண்டை உலையில் எரித்து, எஞ்சிய இழைகளை நுண்ணோக்கியில் அளந்தார். நீளம் மாறவில்லை.

பிறகுதான் பட்டைகளின் மேலிருந்த வெள்ளிக் கோடுகள் நினைவுக்கு வந்தன. வெறும் தோற்றக் குறை என்று அவற்றை விட்டிருந்தார். மூட்டை பிரித்து மூன்று நாள் திறந்துகிடந்த நைலான் மணிகளை உலர்த்தாமலே எந்திரத்தில் இட்டதன் அடையாளம் அது. நைலான் காற்றின் ஈரத்தை உறிஞ்சும். அதனால்தான் 80 டிகிரி செல்சியஸ் அளவில் பல மணி நேரம் உலர்த்தி, ஈரத்தை 0.2 விழுக்காட்டுக்குக் கீழே கொண்டுவருவது வழக்கம். நைலான் 6 ஏறத்தாழ 220 டிகிரியில் உருகும். வார்ப்பதோ அதற்கும் மேலான வெப்பத்தில். அந்தச் சூட்டில் நீர் அதன் நெடிய மூலக்கூற்றுச் சங்கிலிகளை அறுத்துவிடுகிறது. குறுகிய சங்கிலிகள் ஒன்றோடொன்று போதிய அளவு பின்னிக்கொள்வதில்லை.

வார்த்து முடிந்தபின் மெல்லப் புகும் நீர் செய்வது வேறு. அது சங்கிலிகளை அறுக்காமல் இடையே தங்கி இளக்கம் தருகிறது. விறைப்பும் இழுவலிமையும் குறைகின்றன. அடி தாங்கும் திறன் பொதுவாகக் கூடுகிறது. பேச்சில் இவையெல்லாம் ‘உறுதி’ என்ற ஒரே சொல்லில் அடங்கிவிடுகின்றன. சோதனைக்கூடத்தில் அவை தனித்தனி எண்கள்.

ஆய்வேட்டை ஒப்படைக்கும் நாள் நெருங்கியிருந்தது. முறிந்த ஐந்து பட்டைகளையும் பிழையென நீக்கியிருந்தால் அட்டவணை அழகாகியிருக்கும். அவர் நீக்கவில்லை, ‘உலர்த்தப்படாதவை’ என்று தனி வரிசையிட்டு, அருகே காரணத்தையும் எழுதினார். தம் கவனக்குறைவைத் தாமே பதிவு செய்வது எளிதாக இல்லை.

இவ்வகை நைலானில்தான் கார் எஞ்சினை அடுத்த உறுப்புகள் பலவும் மின்கருவிகளின் உறைகளும் வார்க்கப்படுகின்றன. ஏதோ ஒரு மழைக்காலத்தில், அவசரத்தில் உலர்த்தியை அணைக்க ஒரு தொழிலாளியிடம் யாரேனும் சொல்லக்கூடும். மறுத்துப் பேச அவருக்கு அந்த ஐந்து எண்கள் உதவும்.